இரவுப்பணியும் மலைப்பாதையும்

அன்புள்ள ஐயா,

சமவெளியில் ஒரு விமான நிலையத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக இருக்கிறேன். வீடு கோத்தகிரியில். பணிநேரம் காலை, மதியம், இரவு என்று மாறிக்கொண்டே வரும். இரவுப்பணி முடிந்த காலையிலேயே பைக்கில் மலையேறிவிடுவேன்; மகளோடு இருக்கக் கிடைப்பது அடுத்த இரண்டு நாட்கள்தான். ஆனால் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். உறவினர் வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்தபடியே உறங்கிவிடுகிறேன். 'வேலையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்' என்கிறார் மனைவி. இது மனப்பயிற்சியால் தீருமா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

மனப்பயிற்சியைப் பிறகு பார்க்கலாம். போகிறபோக்கில் நீங்கள் சொல்லிச்சென்ற அந்த பைக் பயணம்தான் என்னைத் திடுக்கிடச் செய்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்று 1997-ல் அளந்து காட்டியது. 24 மணி நேரமானால் அது 0.10-க்கு நிகர். நம் நாட்டில் வாகனம் ஓட்டுவதற்கான வரம்பு 0.03. முந்தைய பகலில் உறங்காமல் பணிக்குச் சென்று, விடிய விடியத் திரைமுன் அமர்ந்திருந்துவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் வளைவுகளில் ஏறுகிறீர்கள். காவலர் ஊதச் சொல்லும் கருவி இதைக் காட்டாது, அவ்வளவுதான். கீழேயே ஓர் அறையில் நான்கைந்து மணி நேரம் உறங்கிவிட்டுப் பேருந்தில் வாருங்கள். மகளுக்கு அரைநாள் குறையும், குறையட்டும்.

நீங்கள் எரிந்து விழுவதையும் குணக்கேடு என்று நான் கொள்ளமாட்டேன். உடலின் வெப்பம் விடியலுக்கு முந்தைய மணிகளில்தான் மிகக் குறைகிறது. விழிப்பும் அப்போதுதான் மங்குகிறது. அந்நேரத்தில் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காமல் பார்த்துக்கொண்டவர், காலை வெயிலில் வெளியே வந்ததும், அவ்வொளியே உடலின் கடிகாரத்துக்குப் பகல் தொடங்கிவிட்டது என்று அறிவித்துவிடுகிறது; பிறகு உறக்கம் சரியாக வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. கறுப்புக் கண்ணாடி அணிவதும் சன்னலை முழுக்க மூடுவதும் ஓரளவு உதவும்.

என் தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். மாலையில் வந்த கொழுந்து இரவெல்லாம் வாடி, விடியுமுன் இலையை உருட்டும் ரோலர் எந்திரத்துக்குப் போகவேண்டும். கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. அவர் வீடு திரும்பியதும் அம்மா சன்னலில் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுவார். மதியம்வரை வீட்டில் அம்மி அரைபடாது, விருந்தாளி வந்தாலும் திண்ணையோடு சரி. அவருடைய உறக்கத்தை வீடே காவல் காத்தது. (அந்த வயதில் எனக்கு அது பெரும் அநியாயமாகத் தோன்றியது.)

ஆனால் எல்லாவற்றையும் வீட்டின் தலையில் கட்டிவிடவும் கூடாது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தபோது, சூரிச்சிலிருந்து அவ்வான்வெளியைக் கவனித்தவர் ஒரே ஒருவர். உடன் பணியாற்றியவர் ஓய்வுக்குச் சென்றிருக்க, இரண்டு மேசைகளை அவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவில் அப்படி நடப்பதை நிர்வாகம் நெடுநாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தது என்று விசாரணை சொன்னது. 1981-ல் அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்கள் வாரத்துக்கு 32 மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்ததும், 11,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்ததும் உங்கள் தொழிலின் வரலாறுதான். ஆள் பற்றாக்குறையை ஒரு தனிமனிதர் தன் மனவலிமையால் ஈடுகட்ட முடியாது. அதைச் சங்கத்தில் பேசுங்கள், எழுத்தில் கொடுங்கள்.

மனைவியிடம் இக்கடிதத்தைக் காட்டுங்கள். நீங்கள் மலைமேல் சுமந்து வருவது வேலையை அல்ல, உறங்காத ஓர் இரவை என்பது அவருக்குப் புரியும். அடுத்த மாதப் பணிப்பட்டியல் வந்ததும் ஒரு நகலை அடுப்படியில் ஒட்டிவிட்டு, எந்த விசேஷத்துக்கு வரமுடியாது என்பதை இருவருமாக முன்பே உறவினர்களிடம் சொல்லிவிடுங்கள்.