தசைச் செல்லுக்குள் டைட்டின் என்ற நீண்ட புரதம் எங்கே, எப்படிப் பிடித்துக்கொள்கிறது?

இரண்டு முனைகளிலும். ஒரு டைட்டின் மூலக்கூறு சுமார் 1 மைக்ரோமீட்டர் நீளம். தசை சுருங்கும் அடிப்படை அலகான சார்கோமியரின் பாதியை, அதன் ஓரத்தில் உள்ள இசட் தட்டிலிருந்து நடு எம் கோடு வரை, தனியாகவே கடக்கிறது. மனித உடலின் மிகப் பெரிய புரதம் இதுதான்.

இசட் தட்டில்தான் முக்கிய நங்கூரம். அங்கே ஆல்ஃபா ஆக்டினின் என்ற புரதம், எதிரெதிர்த் திசையில் வரும் மெல்லிய ஆக்டின் இழைகளைக் குறுக்கே கட்டுகிறது, டைட்டினையும் பிடிக்கிறது. டெலிதோனின் என்ற சிறு புரதம் இரண்டு டைட்டின்களின் தொடக்க முனைகளைச் சேர்த்து ஒட்டுகிறது. இந்தப் பிணைப்பு இழுவிசையை வியக்கத்தக்க அளவு தாங்கும். எம் கோட்டில் டைட்டினைப் பிடிக்கும் வேலையை மயோமெசின் என்ற புரதம் செய்கிறது.

இடையில், இசட் தட்டை ஒட்டிய ஐ பட்டையில் உள்ள டைட்டின் பகுதி சுருள்வில் போல நீளும். நடுவில் உள்ள ஏ பட்டையில் தடித்த மயோசின் இழையோடு ஒட்டியிருப்பதால் நீளாது. பலர் குழம்புவது இங்கேதான்.

டைட்டின் மரபணுவில் புரதத்தைப் பாதியில் துண்டிக்கும் மாற்றம் வந்தால், இதய அறை விரிந்து பலவீனமாகும் நோய் வரக்கூடும். அந்த நோய்க்கான மரபணுக் காரணங்களில் அடிக்கடி காணப்படுவது இதுவே.