மம்பட்டி பிடித்த கைக்குப் பனி அள்ளுவது பெரிய வேலையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் கேரட் தோட்டம் வைத்திருக்கிறேன். வயது 61. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. டிசம்பரில் டொரன்டோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். வாசலில் கொட்டும் பனியைத் தினமும் அள்ளிப் போட்டால் நடைப்பயிற்சிக்குப் பதில் அதுவே போதும்தானே?

பதில்: உடற்பயிற்சிதான், சந்தேகமில்லை. நிதானமாக அள்ளினாலே வேகநடையைவிட உழைப்பு அதிகம். ஆனால் நடைக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

'நாம் பார்க்காத பனியா' என்று தோன்றும். ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் புல்மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி. வெயில் ஏறினால் போய்விடும். டொரன்டோவில் விழுவதற்கு எடை உண்டு. 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலமுள்ள கார் பாதையில் 15 செ.மீ. பனி கிடந்தால் 4.5 கன மீட்டர். லேசான புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 450 கிலோ, அதாவது 50 கிலோ கேரட் மூட்டை ஒன்பது! ஈரப்பனி என்றால் மூன்று மடங்குகூட ஆகும்.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். காலால் செய்யும் வேலையைவிட, அதே அளவு வேலையைக் கையால் செய்தால் இதயம் கூடுதலாகத் துடிக்கும். தூக்கும்போது மூச்சையும் அடக்கிவிடுவோம். மூன்றும் ஒரே நேரத்தில் சேர்வதுதான் சிக்கல். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான குளிர்காலத் தரவுகளை ஆராய்ந்தார்கள். 20 செ.மீ. பனி விழுந்த மறுநாள், பனி விழாத நாளோடு ஒப்பிட்டால், மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்த ஆண்கள் சுமார் 16 சதவீதம் அதிகம். பெண்களிடம் அப்படிக் கூடவில்லை. யார் வெளியே போய் அள்ளுகிறார்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பழக்கமும் இங்கே முழுதாகக் கைகொடுக்காது. மம்பட்டி மண்ணை நம் பக்கம் இழுக்கும். பனிவாரியில் அள்ளித் தூக்கி, பக்கவாட்டில் வீச வேண்டும். இடுப்பு பிடித்துக்கொள்வது அந்தத் திருப்பத்தில்தான்.

அதனால் கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் சரி என்றால், கிளம்பும்வரை தினம் அரைமணி நேரம் ஏற்றத்தில் நடங்கள். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? அங்கே போனபின், எழுந்ததும் வெளியே ஓடாமல் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். மஃப்ளரால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். முடிந்தவரை பனியைத் தூக்காமல் தள்ளுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் பாதி வாரி போதும். முழங்காலை மடக்கித் தூக்கி, இடுப்பைத் திருகாமல் பாதத்தைத் திருப்புங்கள். பனி விழுந்துகொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பாரம் குறையும். ஈரப்பனியை மகனுக்கு விட்டுவிடுங்கள்.

நெஞ்சு இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் வாரியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் அங்குள்ள அவசர உதவி எண் 911-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வாயுப்பிடிப்பு என்று சுக்குக் காபி போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.