லீஸ் பணத்தைத் திருப்பித் தர இன்னொரு லீஸா?

கேள்வி: கொளத்தூரில் 1994-ல் அப்பா கட்டிய வீடு. எனக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார், பட்டாவும் என் பெயரில்தான். கீழே நாங்கள், மாடியில் இரண்டு போர்ஷன். சின்னது 9,000 ரூபாய் வாடகை. பெரிய டபுள் பெட்ரூம் போர்ஷனை மூன்று வருடத்துக்கு முன் 8 லட்சத்துக்கு லீஸ் விட்டேன் (மாத வாடகை கிடையாது, முடியும்போது முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும்). அதில் 5 லட்சம் என் மைத்துனர் கடை வைக்கக் கொடுத்தேன், மீதி மகள் படிப்புக்குப் போய்விட்டது. மே கடைசியில் லீஸ் முடிகிறது, காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டை நன்றாகச் செய்தால் 10 லட்சத்துக்கு லீஸ் பார்ட்டி ரெடி என்கிறார் புரோக்கர். எஸ்டிமேட் 4.5 லட்சம்: மாடுலர் கிச்சன் 1.6 லட்சம், ஃபால்ஸ் சீலிங் 85,000, பாத்ரூம் டைல்ஸ் 70,000, ஹாலில் டெக்ஸ்சர் பெயின்ட் 60,000, வயரிங் 25,000, இதர வேலை 50,000. பர்சனல் லோன் 14% வட்டியில் கிடைக்கும். நகைக்கு வங்கியில் 7 லட்சம் வரை தருவார்கள், 9.5%. எஃப்.டி. 2.5 லட்சம் இருக்கிறது. சம்பளம் 46,000. பக்கத்து வீட்டில் இதே அளவு போர்ஷன் 14,000 வாடகைக்குப் போகிறது. போன மழையில் பெட்ரூம் சீலிங் மூலையில் பெயின்ட் உப்பியிருக்கிறது. மைத்துனர் புது லீஸ் பணத்தில் இன்னும் 2 லட்சம் கேட்கிறார். எஸ்டிமேட்டுக்கு பர்சனல் லோன் நல்லதா, நகைக்கடன் நல்லதா?

- வாசகர், சென்னை

பதில்: இரண்டு கடனையும் ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இவற்றைவிட வட்டி கூடுதலான மூன்றாவது கடன் ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதைக் கடன் என்றே நீங்கள் எண்ணவில்லை. அதுதான் லீஸ்.

10 லட்சம் வாங்கிக்கொண்டு போர்ஷனைக் கொடுத்தால் 14,000 வாடகையை விடுகிறீர்கள். வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்றே வைத்துக்கொள்வோம். 11 மாதத்துக்கு 1.54 லட்சம். பத்து லட்சத்துக்கு அது 15.4 சதவீதம். இப்போதைய 8 லட்சத்துக்கு இன்றைய வாடகையில் பார்த்தால் 19 சதவீதத்துக்கு மேல். 14 சதவீத பர்சனல் லோனுக்கு இவ்வளவு யோசிக்கிற நீங்கள், இதை யோசிக்காமல் எடுக்கிறீர்கள். காரணம் எளிது: மாதா மாதம் கையிலிருந்து எதுவும் போவதில்லை. ஆனால் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மூன்று வருடம் கழித்து மொத்தமாக வந்து நிற்கும், இப்போது நிற்பதைப் போல.

புரோக்கர் சொல்கிறபடியே செய்தால் என்ன ஆகும்? 10 லட்சத்தில் 8 லட்சம் பழைய பார்ட்டிக்கு. மீதி 2 லட்சம் மைத்துனருக்கு. ரிப்பேருக்கு 4.5 லட்சம் பர்சனல் லோன், ஐந்து வருடத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 10,500. மூன்று வருடம் விடாமல் கட்டிய பிறகும் அதில் 2.2 லட்சம் பாக்கி இருக்கும். லீஸ் 10 லட்சம். ஆக இன்று 8 லட்சம் கடன்காரர், அன்று 12.2 லட்சம் கடன்காரர். வாடகையும் வந்திருக்காது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பழையவர்கள் காலி செய்தால்தான் வேலை தொடங்க முடியும், வேலைக்குக் குறைந்தது ஒரு மாதம் பிடிக்கும். புதுப் பார்ட்டி முழுப் பணத்தையும் சாவி வாங்கும்போதுதான் தருவார். காலி செய்கிற அன்று தர வேண்டிய 8 லட்சம் எங்கிருந்து வரும்? புரோக்கரைக் கேட்டுப் பாருங்கள்.

பெரிய போர்ஷனை இனி வாடகைக்கு விடுங்கள். லீஸ் பணத்தை அடைக்க, வீட்டுப் பத்திரத்தின் பேரில் வங்கியில் அடமானக் கடன் வாங்குங்கள். 8 லட்சம், பத்து வருடம், வட்டி 10.5% என்று வைத்தால் இ.எம்.ஐ. சுமார் 10,800. வாடகை 14,000-த்தில் 11 மாதம் வந்தாலே இ.எம்.ஐ. போக வருடத்துக்கு 24,000 மிஞ்சும், சொத்து வரிக்கும் சில்லறை ரிப்பேருக்கும் ஆகும். மூன்று வருடம் கழித்து இந்தக் கடன் 6.4 லட்சமாக இறங்கியிருக்கும். 12.2 எங்கே, 6.4 எங்கே!

விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். மூலப் பத்திரம், செட்டில்மென்ட் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் எல்லாம் கேட்பார்கள். பழைய வீடுகளில் சிக்கல் வருவது வரைபடத்தில்தான். மாடி அதில் இல்லையென்றால் வங்கி தொகையைக் குறைக்கும், அல்லது மறுக்கும். மே மாதத்துக்குள் கடன் வரவில்லையென்றால் நகையை வைத்து 7 லட்சமும் எஃப்.டி.யிலிருந்து 1 லட்சமும் சேர்த்து லீஸை முடியுங்கள். நகைக்கடனுக்கு மாதம் 5,500 வட்டி ஓடும். அடமானக் கடன் கிடைக்கவே இல்லையென்றால் 14,000 வாடகையை அப்படியே நகைக்கடனில் கட்டுங்கள், ஐந்தரை வருடத்துக்குள் முடியும். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்தால் நகை மீளாது.

வரிச் சலுகைக்காகக் கடன் வாங்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். இரண்டு வாடகையும் சேர்ந்தாலும் உங்கள் வருமானம் புதிய வரி முறையில் வரியே இல்லாத 12 லட்சத்துக்கு வெகு கீழே இருக்கிறது.

இப்போது அந்த எஸ்டிமேட். ஆறு இனம் இருக்கிறது, மொட்டை மாடி மட்டும் இல்லை. ஓதம் காத்து உப்பிய சீலிங்குக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஜிப்சம் போர்டு ஈரத்தை உறிஞ்சி மஞ்சள் கறை பிடிக்கும், பிறகு தொங்கும். அதைவிட மோசம், மேலே தளத்துக்குள் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்வது யார் கண்ணுக்கும் தெரியாமல் போகும்.

முதல் வேலை மொட்டை மாடியில்தான். முப்பது வருடத் தளத்தில் தட்டோட்டு (மேலே பதித்த தட்டையான ஓடு) இணைப்புகள் வாய் பிளந்திருக்கும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் அடியில் இருக்கும் சுர்க்கியில் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த படுகை) தேங்கி, மழை நின்று பல நாள் கழித்தும் கசியும். தட்டோடுகளைக் கம்பியால் தட்டிப் பாருங்கள். வெற்று ஓசை கேட்கிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் அவற்றை மட்டும் பெயர்த்து, எல்லா இணைப்புகளையும் சுரண்டி, வாட்டர்புரூஃப் கலவை சேர்த்த சிமென்ட்டால் பூசினால் போதும். பாதிக்கு மேல் என்றால் முழுக்கப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும். மழைநீர்க் குழாயை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் இருக்கட்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாய்வாகப் பூசச் சொல்லுங்கள், கசிவு அதிகம் இறங்குவது அந்த மூலையில். முடிந்ததும் குழாயை அடைத்து இரண்டங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டு, கீழே சீலிங்கைப் பாருங்கள். அதன் பிறகே மேஸ்திரிக்குக் கடைசித் தவணை. 650 சதுர அடி என்றால் முழு வேலைக்குச் சுமார் 75,000 ஒதுக்குங்கள்.

பாத்ரூமில் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது மலிவு, ஆனால் கசிவு அப்படியே இருக்கும். 1994-ல் சுவருக்குள் புதைத்தது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாகத்தான் இருக்கும். டைல்ஸைப் பெயர்க்கும்போதே அதை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போடுங்கள். தரையில் வாட்டர்புரூஃப் கோட்டிங் அடித்து, ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டு டைல்ஸ். சுவர் டைல்ஸ் ஏழடி போதும், சீலிங் வரை வேண்டாம். 45,000.

வயரிங் 25,000-ஐ குறைக்காதீர்கள். ஏ.சி.க்கும் கீஸருக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. வயர், தனி எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்), மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிப்பது). குடித்தனக்காரர் வீட்டில் ஷாக் அடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

மாடுலர் கிச்சன் வேண்டாம். சிங்க்குக்குக் கீழே பிளைவுட் பெட்டி வைத்தால் ஒரு சொட்டுக் கசிவில் ஊதிவிடும், அது உங்கள் வீட்டில் நடந்தால் அன்றே தெரியும், வாடகை வீட்டில் காலி செய்யும்போதுதான் தெரியும். இருக்கிற கிரானைட் மேடைக்குக் கீழே அலுமினியக் கதவு, எக்ஸாஸ்ட் ஃபேன், 20,000. பெயின்ட் 30,000, அதுவும் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு. எல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்குள் அடங்கும், எஃப்.டி.யிலிருந்து எடுங்கள், 50,000 மிச்சம் இருக்கட்டும். நகை வழியில் போக நேர்ந்தால் எஃப்.டி.யில் 1.5 லட்சம்தான் இருக்கும், கிச்சன் வேலையையும் பெயின்ட்டையும் தள்ளிப்போடுங்கள்.

4.5 லட்சம் செலவழித்தால் வாடகை 16,000 வரும் என்று புரோக்கர் சொல்லலாம். கூடுதலாகச் செலவாகும் 2.5 லட்சத்துக்கு மாதம் 2,000, வருடம் 22,000. 14 சதவீத லோனில் அதற்கு வட்டியே முதல் வருடம் 30,000-க்கு மேல் போகும்.

"நாங்களே ரெனோவேட் செய்து உத்தரவாத வாடகை தருகிறோம்" என்று கோ-லிவிங் (வீட்டை மொத்தமாக எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடும்) கம்பெனிக்காரர்களும் வருவார்கள். செய்த செலவை வாடகையில் பிடித்துக்கொள்வதும், வீட்டுக்காரரை வருடக்கணக்கில் கட்டிப்போடும் ஷரத்தும் அந்த ஒப்பந்தங்களில் சாதாரணம். கீழேயே குடியிருக்கிற உங்களுக்கு அது எதற்கு?

2017-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போகத் திருப்பித் தர வேண்டும். 42,000 வாங்கி, வாங்கிய அன்றே தனி எஃப்.டி.யில் போடுங்கள். சின்ன போர்ஷனின் அட்வான்ஸ் எங்கே என்று கடிதத்தில் இல்லை. செலவாகியிருந்தால் மிச்சமிருக்கும் 50,000-த்திலிருந்து அதையும் தனியாக எடுத்து வையுங்கள். 8 லட்சத்தை வங்கி வழியாகவே திருப்பித் தாருங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் டெபாசிட்டை ரொக்கமாக வாங்குவதும் கொடுப்பதும் வருமான வரிச் சட்டப்படி தவறு, அபராதம் அதே தொகை அளவுக்கு வரலாம்.

மைத்துனருக்கு இன்னும் 2 லட்சம் கொடுக்காதீர்கள். உங்களிடம் கொடுப்பதற்குப் பணம் இல்லை, இருப்பது குடித்தனக்காரர் பணம். ஏற்கெனவே கொடுத்த 5 லட்சம்தான் அவசரம். கைமாற்றுக் கடனைக் கோர்ட்டில் கேட்கக் காலக்கெடு மூன்று வருடம். லீஸ் தொடங்கியபோது கொடுத்தது என்றால் அது முடியப்போகிறது. அதற்குள் அவரிடம், எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். உங்கள் மனைவியே பக்கத்தில் இருந்து கேட்டால் சங்கடம் குறையும். கூடவே மாதம் 5,000 என்று பேசி, அந்தப் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகும்படி செய்யுங்கள்.