கதை அபத்தமாக இருந்தும் நீங்கள் விரும்பிப் பார்க்கும் சண்டைக் காமெடிப் படம் எது? ஏன்?

ஜாக்கி சான் நடித்து 1995இல் வெளிவந்த 'ரம்பிள் இன் தி பிராங்ஸ்'. அபத்தத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மாமாவின் திருமணத்துக்காக நாயகன் ஹாங்காங்கிலிருந்து நியூயார்க் வருகிறான். மாமா நடத்திவந்த சூப்பர் மார்க்கெட்டில் மோட்டார் சைக்கிள் ரவுடிகள் தகராறு செய்ய, அவர்களை அடித்து விரட்டுகிறான். இதுவரை சரி. பிறகு எங்கிருந்தோ ஒரு வைரக் கும்பல் முளைக்கிறது. வைரங்கள் ஒரு சிறுவனின் சக்கர நாற்காலி மெத்தைக்குள் போய்ச் சேர்கின்றன. அந்தச் சிறுவனின் அக்கா யார் என்றால், நாயகனைத் துரத்தும் அதே ரவுடிக் கூட்டத்தைச் சேர்ந்தவள். கொலைவெறியோடு திரிந்த ரவுடிகள், நாயகன் அடித்துப்போட்டுவிட்டு நாலு வார்த்தை புத்தி சொன்னதும் திருந்திவிடுகிறார்கள். கடைக்காரப் பெண்மணி கழிவறையில் இருக்கும்போதே வைரக் கும்பல் கடையைச் சங்கிலி கட்டி லாரியால் இழுத்துத் தரைமட்டமாக்குகிறது. எதற்கு என்று கேட்கக் கூடாது.

இதற்கெல்லாம் மேல், படப்பிடிப்பு நடந்தது கனடாவின் வான்கூவரில். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி என்று சொல்லிக் காட்டும் தெருக்களுக்குப் பின்னால் மலைத்தொடர் கம்பீரமாக நிற்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர்கள் மறைக்கக்கூட மெனக்கெடவில்லை.

ஆனாலும் எனக்கு அலுக்காததற்குக் காரணம், இந்தப் படங்கள் உருவாகும் விதம். ஜாக்கி சானும் அவருடைய கூட்டாளிகள் சாம்மோ ஹங், யுவன் பியாவ் இருவரும் சிறு வயதிலேயே ஹாங்காங்கில் பீக்கிங் ஓபரா எனும் சீன இசைநாடகத்தைக் கற்றுத்தரும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். குட்டிக்கரணம், சண்டை, பாட்டு, நடிப்பு எல்லாம் அங்கே ஒரே பாடம். அதோடு பஸ்டர் கீட்டன், ஹெரால்ட் லாயிட் போன்ற மௌனப்பட நகைச்சுவை நடிகர்களின் பாதிப்பும் சேர்ந்துகொண்டது. 1983இல் வந்த 'ப்ராஜெக்ட் ஏ'யில் மணிக்கூண்டு முள்ளில் தொங்கி விழும் காட்சி லாயிடுக்குச் செய்த மரியாதை. இப்படி வந்தவர்கள், 'இந்த இடத்தில் என்னென்ன பொருள்கள் கிடக்கின்றன, அவற்றை வைத்து என்ன செய்யலாம்' என்றுதான் முதலில் யோசிப்பார்கள். அந்தக் காட்சிகளை ஒன்றோடொன்று கோக்க ஏதோ ஒரு நூல் வேண்டும். கதைக்கு அவ்வளவுதான் வேலை.

ரவுடிகளின் கூடாரத்தில் நடக்கும் சண்டையைக் கவனியுங்கள். ஃப்ரிட்ஜ்களும் தள்ளுவண்டிகளும் விளையாட்டு இயந்திரங்களும் குவிந்த இடம் அது. பாய்ந்து வருகிறவனுக்கு ஃப்ரிட்ஜ் கதவே அடியாகிறது. ஜாக்கி சான் தள்ளுவண்டியைச் சண்டைக்கு இழுக்கிறார், அதற்குள்ளேயே புகுந்தும் வருகிறார். அடிக்கும்போதே வலியில் அவர் முகம் கோணுகிறது. வெல்லும் ஆசையைவிடத் தப்பினால் போதும் என்ற பதற்றம்தான் அதில் தெரிகிறது. சிரிப்பு வருவது அங்கேதான். கேமராவும் தள்ளி நின்று முழு உடலையும் காட்டுகிறது. யார் யாரை எப்போது அடித்தார் என்று குழம்ப வேண்டியதில்லை. வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து எதிர்க் கட்டடத்தின் பால்கனிக்கு அவர் தாவும் காட்சியும் அப்படித்தான். உடம்பில் கயிறு இல்லை, டூப் இல்லை. அந்த நொடியில் வைரமாவது மாமாவாவது!

படத்தில் என்னை உறுத்தும் விஷயம் வேறு. சந்துக்குள் நாயகனை மாட்டவைத்து ரவுடிகள் சரமாரியாகக் கண்ணாடி பாட்டில்களை வீசுகிறார்கள். உடலெல்லாம் ரத்தம். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன முகத்தோடு அதைப் பார்ப்பது? இன்னோரிடத்தில் வைரக் கும்பல் ஒருவனை மரம் அரைக்கும் இயந்திரத்தில் போடுகிறது. கதையில் ஓட்டை இருந்தால் சிரித்துக்கொண்டே தாண்டிவிடலாம். யாருக்கும் உண்மையில் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில்தான் இந்த அடிதடியைப் பார்த்துச் சிரிக்கிறோம். அதைக் கெடுத்தால் மன்னிக்க மனம் வருவதில்லை.

கடைசிக் கட்டமும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. காற்று மெத்தையில் மிதந்து ஓடும் பெரிய ஹோவர்கிராஃப்ட் நகரத் தெருக்களில் புகுந்து கார்களை நசுக்குகிறது. நாயகன் ஒரு பெரிய வாளைக் கார் ஜன்னலில் நீட்டிப் பிடித்து ஹோவர்கிராஃப்டின் அடிப்பாகத்தைக் கிழிக்கிறான். வேடிக்கைதான், ஆனால் மனித உடல் செய்ய வேண்டிய வேலையை வண்டி செய்கிறது. 1985இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யின் கதையும் மெலிந்ததுதான். ஆனால் அதன் உச்சக்கட்டம் முழுக்க வணிக வளாகத்துக் கண்ணாடிகளுக்கு நடுவே, கைகால்களால் நடக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் பாருங்கள்.

இதையே பார்ப்பதாக இருந்தால், முடிவில் பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். அந்த ஹோவர்கிராஃப்டின் மேல் குதித்தபோதுதான் ஜாக்கி சானின் கணுக்கால் முறிந்தது. கட்டுப்போட்ட காலின்மேல் ஷூவைப் போல வண்ணம் தீட்டிய உறையை மாட்டிக்கொண்டு அவர் மறுபடி நடிக்க வருவதையும் அங்கேதான் காட்டுகிறார்கள்.