பத்திரம் உங்களிடம், நிலம் சித்தப்பாவிடம்

கேள்வி: தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒன்றரை ஏக்கரை 1996-ல் அப்பாவுக்கு செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தார். அப்பா வெளியூரில் வேலையில் இருந்ததால் சித்தப்பாதான் பயிர் வைத்தார். அப்பா 2011-ல் இறந்துவிட்டார். போன வருஷம் விற்கலாம் என்று போனால், "இத்தனை வருஷமா உழுறது நான், பட்டா என் பேர்ல இருக்கு, உங்களுக்கு இங்க என்ன வேலை" என்கிறார். வில்லங்கச் சான்றில் எங்கள் பத்திரத்துக்கு அப்புறம் எந்தப் பதிவும் இல்லை. பன்னிரண்டு வருஷம் தாண்டினால் நிலம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதியில்தான் பலர் நிலத்தை விட்டிருக்கிறார்கள்.

1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம், 65-வது இனம். உரிமையை வைத்து நிலத்தை மீட்க 12 வருஷம் தருகிறது, ஆனால் அந்தக் கணக்கு சித்தப்பா ஏர் பூட்டிய நாளில் தொடங்குவதில்லை, "இது என்னுடையது, உன்னுடையது இல்லை" என்று உங்களுக்குத் தெரியும்படி அவர் அனுபவிக்க ஆரம்பித்த நாளில்தான் தொடங்கும். அண்ணன் சொல்லித் தம்பி பயிர் வைத்தால் அது அனுமதியின் பேரில் வந்த அனுபவம், இருபது வருஷமானாலும் அனுமதிதான். உரிமையாளருக்கு எதிராக, தன்னுடையது என்று அனுபவிப்பதுதான் எதிரிடை அனுபவம், அப்படிச் சொல்பவர்தான் எந்தத் தேதியிலிருந்து, எப்படி, உரிமையாளருக்குத் தெரிந்தா என்பதையெல்லாம் நிரூபிக்க வேண்டும். 2004-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதனால் உங்கள் வழக்கில் நான் முதலில் கேட்கும் காகிதம் பத்திரம் அல்ல, அந்தப் பட்டா மாறுதல் உத்தரவின் நகல். பட்டா யாருக்கும் உரிமை தராது, அது வருவாய்த்துறைக் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் அது எந்த வருஷம் மாறியது, உங்கள் அப்பாவுக்கோ உங்களுக்கோ நோட்டீஸ் வந்ததா என்பது முக்கியம், ஏனென்றால் அந்தத் தேதியைத்தான் சித்தப்பாவின் வக்கீல் பிடித்துக்கொள்வார். உங்களுக்குத் தெரியாமல் மாற்றியிருந்தால் அதைக் காட்டி மறுக்கலாம். தெரிந்தும் பேசாமல் இருந்திருந்தால் 12 வருஷம் எப்போது முடிகிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். யு.டி.ஆர். (வருவாய்த்துறை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்திலேயே பெயர் தவறி ஏறியிருந்தால் கதையே வேறு, அதையும் பார்த்துவிடுங்கள்.

"உங்கப்பா ஒருநாளும் நிலத்தைக் கையில் வாங்கலையே, செட்டில்மெண்டே செல்லாது" என்றும் சொல்வார்கள். இப்படிப் பணம் வாங்காமல் எழுதித் தரும் செட்டில்மெண்டும் தானம்தான், பதிவான தானத்துக்குச் சுவாதீனம் (நிலத்தின் கைவசம்) ஒப்படைப்பது கட்டாயமில்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பா அதை ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அடையாளம் போதும். அசல் பத்திரம் உங்கள் வீட்டில் இருப்பதே நல்ல அடையாளம். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து வையுங்கள். எழுதியதையே மறுத்தால் அவர் தேவைப்படுவார்.

அப்பா நெல்லோ பணமோ வாங்கிக்கொண்டிருந்தாரா? இதை மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள். குத்தகை என்று ஆகிவிட்டால், தன் உடலுழைப்பால் சாகுபடி செய்பவர் 1955-ம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் தஞ்சம் புகலாம், அப்போது வெளியேற்றக் கேட்கும் இடம் சிவில் கோர்ட் இல்லை, வருவாய் நீதிமன்றம். ஆனால் குத்தகைதாரர் என்று நிற்பவர் கூடவே உரிமையும் கொண்டாட முடியாது, அது உங்களுக்குச் சாதகம்.

அடுத்தது வழக்கின் வகை. வெறும் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மட்டும் கேட்டு வழக்குப் போடாதீர்கள். உரிமையில் தகராறு, சுவாதீனமும் எதிராளியிடம் என்றால் உரிமை விளம்புகையும் (உரிமை உங்களுக்கே என்ற அறிவிப்பு) சுவாதீன மீட்பும் கேட்க வேண்டும், இதை 2008-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்ன பிறகும் ஆட்கள் உறுத்துக்கட்டளையை மட்டுமே கேட்கிறார்கள். காரணம் கோர்ட் கட்டணம், சந்தை மதிப்பில் கட்ட வேண்டியிருக்குமே என்ற பயம். தமிழ்நாட்டில் அது 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்னும் பழைய பயத்திலேயே எட்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்துவிட்டுக் கடைசியில் "தப்பான வழக்கு" என்று கேட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் சேர்த்தே போடுங்கள்.

இன்னொன்று, ஆள் கூட்டிப் போய் வேலி போட்டுவிடாதீர்கள். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமையாளரே ஆனாலும் நிலத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வழக்கில் பத்திரத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: அப்பா சொந்தமாக வாங்கிய தோட்டம். 2003-ல் உயில் எழுதாமல் இறந்தார். அண்ணன் தன் பேருக்குப் பட்டா மாற்றி அனுபவிக்கிறார். "2005 சட்டத்துக்கு முன்னாடியே அப்பா போயிட்டாரு, பொண்ணுகளுக்குக் கிடையாது" என்கிறார்.

பதில்: அண்ணன் வேறு சட்டத்தைப் பேசுகிறார். 2005 திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கைப் பற்றியது. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில், உயில் இல்லையென்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகனுக்கும் மகளுக்கும் அம்மாவுக்கும் சமபங்கு. பங்காளி ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும்தான் என்பது 1957 முதல் இருந்துவரும் தீர்ப்பு. உங்களை வெளிப்படையாக விலக்கி 12 வருஷம் ஆனது என்று அவர் நிரூபித்தால் ஒழிய உங்கள் பங்கு போகாது. ஆனால் "பங்கு கிடையாது" என்று இப்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டார் அல்லவா, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். பாகப்பிரிவினை கேட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். முழுவதையும் அவர் யாருக்காவது விற்றாலும் வாங்கியவருக்கு அவர் பங்குதான் போகும், இருந்தாலும் அந்தத் தலைவலி வருவதற்கு முன் வழக்குப் போடுவது நல்லது.

கேள்வி: காவலுக்கு வைத்த ஆள் பதினெட்டு வருஷமாகிவிட்டது, போக மாட்டேன் என்கிறார்.

பதில்: காவல்காரருக்கு எத்தனை வருஷமானாலும் உரிமை வராது, உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்னது. அனுமதி ரத்து என்று வக்கீல் நோட்டீஸ் கொடுங்கள், அப்புறம் வழக்கு. சம்பளம் கொடுத்த ரசீது, பேங்க் வரவு ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் தேடி எடுங்கள்.