நிக்கல்சன் விழுந்தாரா, அழுத்தினாரா?

கேள்வி: ஐயா, கல்லூரித் திரைப்பட மன்றத்தில் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படம் போட்டார்கள். கடைசியில் கர்னல் நிக்கல்சன் வெடியைக் கிளப்பும் கைப்பிடிப் பெட்டியின் மேல் விழுகிறார், பாலம் தகர்கிறது. தெரிந்துதான் விழுந்தாரா, அல்லது உயிர் போன உடம்பு தானாகக் கைப்பிடியை அழுத்திவிட்டதா? விடுதி அறையில் ஐந்து பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து இரவு ஒரு மணி வரை பேசினோம். முடிவே வரவில்லை.
— முதுகலை மாணவி, தேனி

பதில்: உங்கள் அறையில் நானும் இருந்திருந்தால் விடியும் வரை பேசியிருப்பேன். நாற்பது வருஷமாக என்னை விடாத கேள்வி இது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1943, சயாம் (இன்றைய தாய்லாந்து) காடு. ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், அதிகாரிகள் கூலி வேலை செய்ய மாட்டார்கள் என்று மறுத்து, தகரக் கொட்டடியில் வெயிலில் வெந்து, கடைசியில் முகாம் தலைவர் சைட்டோவை ஜெயிக்கிறார். அதன்பின் எதிரிக்கான ரயில் பாலத்தைத் தன் சிப்பாய்களின் பெருமையாக எண்ணி, எதிரியே கட்டியிருக்க முடியாத உறுதியோடு கட்டுகிறார். அதைத் தகர்க்க பிரிட்டிஷ் தரப்பிலிருந்தே ஒரு சிறு படை வருகிறது. டேவிட் லீன் இயக்கி 1957-ல் வந்த படம். நிக்கல்சனாக அலெக் கின்னஸ்.

முடிவைப் புரிந்துகொள்ள முதல்நாள் சாயங்காலத்துக்குப் போக வேண்டும். பாலம் முடிந்துவிட்டது. நிக்கல்சன் கைப்பிடிக் கட்டை ஓரமாக நின்று, பக்கத்தில் சைட்டோ இருப்பதைக்கூட மறந்தவர்போலப் பேசுகிறார். நாளையோடு பட்டாளத்தில் 28 வருஷம். அதில் வீட்டில் இருந்தது எல்லாம் சேர்த்துப் பத்து மாதம்கூட இருக்காது. ஆரம்பத்தைவிட முடிவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று ஒருநாள் திடீரென்று தெரிகிறது என்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த சிறு பிரம்பு நழுவி ஆற்றில் விழுகிறது. அந்த மனிதரிடமிருந்து அதுவரை எதுவும் தவறி விழுந்ததில்லை. அன்று இரவுதான் கீழே பாலத்தின் கால்களில் வெடி கட்டுகிறார்கள்.

விடிகிறபோது ஆற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மூழ்கிக் கிடந்த வயர் மணலில் தெரிகிறது. நிக்கல்சன் சைட்டோவையும் கூட்டிக்கொண்டு இறங்கி, அந்த வயரைக் கையால் தூக்கித் தூக்கி மணலிலிருந்து உருவிக்கொண்டே போகிறார். தன் பாலத்துக்கு என்ன ஆபத்து என்று தேடுகிற கை அது. மறுமுனையில் பெட்டியோடு ஒளிந்திருக்கும் இளைஞன் ஜாய்ஸ் பிரிட்டிஷ் படை அதிகாரி என்று தெரிந்த பிறகும் அவனைத் தடுத்துக் கட்டிப் புரள்கிறார். ஜாய்ஸ் சுடப்படுகிறான். அந்தச் சிறு படையிலிருந்து ஆற்றை நீந்தி வந்த ஷியர்ஸும் காலடியில் விழுகிறான். தன் முகாமிலிருந்தே தப்பிப்போனவன் என்று அடையாளம் தெரிகிறது. அப்போதுதான் வாயைத் திறந்து, ‘நான் என்ன செய்துவிட்டேன்!’ என்கிறார்.

என் தீர்ப்பு இதுதான்: அவர் பெட்டியை நோக்கி நடந்தது தெரிந்து, அதன்மேல் விழுந்தது தெரியாமல்.

மேலே குன்றிலிருந்து அந்தச் சிறு படையின் தலைவர் வார்டன் சுட்ட குண்டு பக்கத்தில் வெடித்து உயிர்போகும் அளவுக்கு அடிபட்ட பிறகும், நிக்கல்சன் தள்ளாடிப் போவது பெட்டி இருக்கும் பக்கம்தான். அதைத் தற்செயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கைப்பிடி இறங்குவது அவர் கையால் அல்ல, உடம்பின் பாரத்தால். சாய்ந்த மரம்போல விழுகிறார். அந்த நொடியில் முகத்தில் ஒரு முடிவு இருக்கிறதா என்று பல தடவை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண் நிலைகுத்தியதுதான்.

லீன் ஏன் இப்படி வைத்தார்? மூலக்கதையான பியர் பூலின் பிரெஞ்சு நாவலில் பாலம் தகர்வதே இல்லை. படத்தில் தகர வேண்டும். யார் தகர்ப்பது? ஜாய்ஸும் ஷியர்ஸும் செத்துவிட்டார்கள். நிக்கல்சன் தெளிந்த மனதோடு அழுத்தியிருந்தால், செய்த பிழை அத்தனையும் ஒரே நொடியில் கழுவப்பட்டு அவர் தியாகி ஆகியிருப்பார். வெறும் விபத்து என்று காட்டியிருந்தால், ‘நான் என்ன செய்துவிட்டேன்’ என்ற வார்த்தை வீணாகியிருக்கும். அவருக்குப் புத்தி வந்தது உண்மை. அதற்குமேல் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. இதைவிட நேர்மையான முடிவு போர்ப்படங்களில் அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், இன்னொரு புதிர் அங்கேயே இருக்கிறது; உங்கள் கடிதத்தில் அது இல்லை. வார்டன் குண்டு போட்டது யார்மேல்? தன் கூட்டாளிகள் உயிரோடு பிடிபடக்கூடாது என்றா, நிக்கல்சனைத் தடுக்கவா? சுமை தூக்கி வந்த சயாம் பெண்கள் அவரைப் பார்த்துப் பின்வாங்குகிறார்கள். ‘வேறு வழியில்லை’ என்று அவர்களிடம் கத்துகிறார். யாரும் பதில் சொல்வதில்லை. நிக்கல்சனைவிட இவரைத்தான் எனக்கு மன்னிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

கேள்வி: அந்தப் பாலம் நிஜமாகவே அப்படித்தான் தகர்க்கப்பட்டதா?
— அதே மாணவி

பதில்: இல்லை. அந்தப் படை, வயர், பெட்டி எல்லாம் கதை. தாய்லாந்தின் காஞ்சனபுரி அருகே மரத்தில் ஒன்றும் இரும்பில் ஒன்றுமாக இரண்டு பாலங்கள் இருந்தன. 1945-ல் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டன. பழுதுபார்க்கப்பட்ட இரும்புப் பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. படத்துக்கான பாலத்தை இலங்கையில், களனி ஆற்றின் மேல் கித்துல்கலவில் கட்டி, நிஜ ரயிலோடு வெடிக்க வைத்தார்கள்.

படத்தில் இல்லாதது இன்னொன்று. அந்தப் பாலம் இருந்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், சுமார் 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்கிறார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள்.

என் பெரியப்பா அப்படிப் போய்த் திரும்பியவர். முழங்காலுக்குக் கீழே கையகலத்துக்கு ஒரு வடு. புண் எலும்புவரை போய் ஆறியது. எண்பதுகளில் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்து இந்தப் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விசிலடித்துக்கொண்டு முகாமுக்குள் அணிவகுத்து வருகிற இடத்தில், “நிறுத்துப்பா” என்றார். திரும்ப ஓடவிடச் சொல்லி இரண்டு தடவை பார்த்தார். “எங்களுக்கு விசிலடிக்க மூச்சு ஏது?” என்றார்.

கடைசிக் காட்சியில் நானும் உங்களைப் போலவே, “அவரா அழுத்தினார் பெரியப்பா?” என்று கேட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நிக்கல்சனை இல்லை. “அந்த மணலு அப்படியேதான் இருக்கு. காலையில தண்ணி இறங்குனா அப்படித்தான் வரி வரியாக் கிடக்கும்” என்றார்.

இந்த வாரம் உங்கள் அறையில் மறுபடி போட்டுப் பாருங்கள். வயரை மணலிலிருந்து உருவும் இடத்திலிருந்து ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஐந்து பேரும் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்.