லா மாசியா: பிள்ளைகளை வளர்த்துக் கோப்பை வெல்வது எப்படி? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஸ்பெயினின் கால்பந்து க்ளப்பான பார்சிலோனாவின் சிறுவர் அகாடமி லா மாசியாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இருபது வருடமாக அந்த அணியின் ஆட்டங்களைப் பார்த்து வருகிறேன். சனி, ஞாயிறுகளில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: லா மாசியா என்பது பள்ளிக்கூடமா, மைதானமா சார்?

அந்தச் சொல்லுக்குப் பண்ணை வீடு என்று பொருள். கேம்ப் நோ மைதானத்துக்குப் பக்கத்தில் 1702இல் கட்டிய கல் வீடு அது. வெளியூர்ப் பையன்கள் தங்குவதற்காக 1979இல் அதை விடுதியாக்கினார்கள். 2011இல் விடுதி சான் ஜோன் தெஸ்பியில் உள்ள பயிற்சி மையத்துக்கு மாறியபோது பெயரும் கூடவே போய்விட்டது. இப்போது க்ளப்பின் சிறுவர் அணிகள் மொத்தத்துக்கும் அதுதான் பெயர்.

கேள்வி: காசு இருந்தால் நல்ல ஆட்டக்காரர்களை வாங்கிவிடலாமே அண்ணா? பத்து வருடம் பிள்ளைகளை வளர்ப்பானேன்?

வாங்கலாம் தம்பி, பார்சிலோனாவும் வாங்கியது. 2009இல் ரோமில் நடந்த, ஐரோப்பிய க்ளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் ஃபைனலை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக இறங்கிய பதினொரு பேரில் ஏழு பேர் அகாடமிப் பிள்ளைகள்: வால்டேஸ், புயோல், பிக்கே, புஸ்கெட்ஸ், சாவி, இனியெஸ்டா, மெஸ்ஸி. ஆனால் முதல் கோலை அடித்தவர் வெளியிலிருந்து வாங்கி வந்த எத்தோ. அவருக்குப் பந்தைக் கொடுத்தவர் இனியெஸ்டா. இரண்டாவது கோலுக்குச் சாவி தூக்கிப் போட்டார், மெஸ்ஸி தலையால் முட்டினார். 2-0.

கோல் அடிப்பவரைச் சந்தையில் வாங்கிவிடலாம். ஒருவர் பந்தைத் தொடும்போதே அடுத்தவர் எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்திருக்கிறதே, அந்தப் பழக்கம் எந்தச் சந்தையிலும் கிடைக்காது. அது சின்ன வயதிலிருந்து ஒரே மாதிரி ஆடியவர்களிடம்தான் வரும்.

கேள்வி: ரோண்டோ, ரோண்டோ என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

லா மாசியாவில் தினமும் செய்யும் பயிற்சி அது. பார்த்தால் சின்ன விளையாட்டுதான். ஏழெட்டுப் பேர் வட்டமாக நிற்பார்கள், நடுவில் இரண்டு பேர். வட்டத்தில் இருப்பவர்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பறிகொடுத்தவன் நடுவே போக வேண்டும்.

என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் வாரம் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். பந்து வரும், காலால் நிறுத்துவார்கள், அப்புறம்தான் நிமிர்ந்து யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவார்கள். அதற்குள் நடுவில் இருப்பவன் வந்துவிடுவான். ஒரு மாதம் கழித்து ஒரு பையன் செய்ததைச் சொல்கிறேன். பந்து அவனை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே ஒருமுறை தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தான். உடம்பைப் பாதி திருப்பி, தள்ளியிருந்த காலில் வாங்கினான். அந்த ஒரே தொடுதலில் பந்து போக வேண்டிய பக்கம் திரும்பிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய ஆட்டங்களைப் போட்டு, பந்தை விட்டுவிட்டுச் சாவியின் தலையை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: இதையெல்லாம் தொடங்கி வைத்தது க்ரைஃப்தானா?

பார்சிலோனாவின் பழைய ஆட்டக்காரரான ஹாலந்துக்காரர் க்ரைஃப், கோச்சாக வருவதற்கு முன்பே விடுதி இருந்தது. 1988 முதல் 1996 வரை கோச்சாக இருந்தபோது, முதல் அணி ஆடுகிற மாதிரியேதான் சிறுவர் அணிகளும் ஆட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். எலும்பும் தோலுமாக இருந்த குவார்டியோலாவை நம்பி நடுவில் நிறுத்தினார். 1992இல் வெம்ப்ளியில் சம்ப்டோரியாவை வென்று முதல் ஐரோப்பியக் கோப்பையை எடுத்த அணியில் அந்தப் பையனும் இருந்தார்.

அதே குவார்டியோலா 2007இல் முதல் அணிக்கு அடுத்த நிலையான பார்சிலோனா பி அணிக்குக் கோச்சாகி, அடுத்த வருடம் முதல் அணிக்கு வந்தார். வரும்போது புஸ்கெட்ஸையும் பெட்ரோவையும் கூட அழைத்து வந்தார். இரண்டே வருடத்தில் இருவரும் உலகக் கோப்பை ஃபைனலில் ஸ்பெயினுக்காக இறங்கினார்கள். என்னைக் கேட்டால் அகாடமியின் விதி முதல் அணியின் கோச் கையில்தான் இருக்கிறது. அவர் கதவைத் திறக்காவிட்டால் கீழே எவ்வளவு நன்றாக வளர்த்தும் பயனில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. உயரம் போதாது என்று ஒரு தேர்வில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனசு உடைந்து போயிருக்கிறான்.

அம்மா, 2010இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான பட்டியலில் முதல் மூவர் மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி. மூவரும் ஐந்தடி ஏழு அங்குலத்தை ஒட்டியவர்கள், மூவருமே லா மாசியா. மெஸ்ஸி பதிமூன்று வயதில் வளர்ச்சிக் குறைபாட்டோடு வந்தவர், சிகிச்சைச் செலவை க்ளப் ஏற்றது. இதை மகனிடம் சொல்லுங்கள்.

கூடவே ஒன்று. இனியெஸ்டா பன்னிரண்டு வயதில் விடுதிக்கு வந்து, வீட்டை நினைத்து அழுதிருக்கிறார். அங்கே சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் அணிவரை போவதில்லை. அதனால் எந்த அகாடமியில் சேர்த்தாலும் படிப்பை விடச் சொல்லாதீர்கள்.

கேள்வி: அகாடமி அவ்வளவு நல்லது என்றால் நடுவில் ஏன் சரிந்தார்கள்?

2012 நவம்பரில் லெவாந்தேவுக்கு எதிரான ஆட்டத்தில் டானி ஆல்வெஸுக்கு அடிபட்டு மொன்டோயா உள்ளே வந்தார். அந்த நிமிடத்தில் களத்தில் இருந்த பதினொரு பேரும் அகாடமிக்காரர்கள். 4-0 என்று வென்றார்கள். அந்த மாதிரி இனி எப்போது பார்ப்போமோ என்று அன்று நினைத்தேன்.

அடுத்த வருடமே அகாடமியில் வளர்ந்த தியாகோ, ஜெர்மனியின் பயர்ன் க்ளப்புக்குப் போனார். வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதி மீறியதாக, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா புது ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தடை போட்டது. பிறகு கூட்டின்யோ, டெம்பெலே, கிரீஸ்மன் என்று ஆளுக்குப் பத்துக் கோடி யூரோவுக்கு மேல் கொட்டினார்கள். 2020இல் பயர்னிடம் 8-2 என்று தோற்ற இரவை நான் மறக்கவில்லை. அதில் இரண்டு கோல் கூட்டின்யோ அடித்தது. பார்சிலோனாதான் அவரைப் பயர்னுக்கு இரவல் கொடுத்திருந்தது.

கையில் காசு தீர்ந்த பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்கள். காவி, பால்தே, குபார்சி, ஃபெர்மின் வந்தார்கள். லமீன் யமால் 2023இல் பதினைந்து வயதில் முதல் ஆட்டம் ஆடினார். 2024-25இல் கோச் ஃப்ளிக்கின் கீழ் ஸ்பெயின் லீகை வென்றபோது இவர்கள்தான் அணியின் முதுகெலும்பு. நம்பிக்கையால் திறந்திருக்க வேண்டிய கதவு, கடனால் திறந்தது. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கேள்வி: வளர்த்தவர்களை வேறு க்ளப் தூக்கிக்கொண்டு போனால்?

போகத்தான் செய்கிறார்கள். ஃபாப்ரெகாஸ் பதினாறு வயதில் ஆர்சனலுக்குப் போனார். ஹாலந்து க்ளப்பான அயாக்ஸ் 1995இல் பெரும்பாலும் தான் வளர்த்த பிள்ளைகளோடு ஐரோப்பாவை வென்றது, ஃபைனலின் ஒரே கோலை அடித்த க்ளைவர்ட்டுக்குப் பதினெட்டு வயது. அந்த வருடக் கடைசியில் போஸ்மன் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள், பழைய க்ளப்புக்கு யாரும் காசு தராமலே வேறு க்ளப்புக்குப் போகலாம் என்றானது. சில வருடங்களில் அந்த அணி கலைந்துவிட்டது.

கேள்வி: லா மாசியாவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆட்டம் சொல்லுங்கள்.

2010 நவம்பர் 29, ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 5-0. எட்டு அகாடமிப் பிள்ளைகள் இறங்கினார்கள். இனியெஸ்டா கொடுக்கச் சாவி அடித்த முதல் கோலை எல்லோரும் பேசுவார்கள். நீங்கள் கடைசி நிமிடம்வரை இருந்து ஐந்தாவதைப் பாருங்கள். மாற்று ஆட்டக்காரர் போயான் வலப்பக்கத்திலிருந்து பந்தைக் குறுக்கே அனுப்ப, இன்னொரு மாற்று ஆட்டக்காரர் ஜெஃப்ரென் ஓடி வந்து அடித்தார். இருவருமே அதே அகாடமியில் வளர்ந்தவர்கள்.